ஆயர் பதில்கள்: ஊரார் தூக்க மறுத்த சவப்பெட்டி

சென்ற இதழில் "நம் காலத்தில் நீங்கள் மிகவும் மதிக்கும் பேராயர் யார்?" என்ற கேள்விக்கு, உகாண்டாவின் கிறிஸ்டோபர் செனியோன்ஜோ என்று சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். தன்பாலீர்ப்பு உள்ளவர்களின் பக்கம் நின்றதால் திருச்சபையால் ஒதுக்கப்பட்டவர் என்றும் சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்புகின்றன. கோபத்தோடு எழுதியவர்களுக்கும் என் நன்றி. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யாருடைய பெயரையும் அச்சிடவில்லை.

ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை: செனியோன்ஜோவைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் அப்படி என்ன செய்துவிட்டார்?

இளைஞர்கள் சிலர் பேசியதைக் காதுகொடுத்துக் கேட்டார். தொடக்கம் அதுதான்.

1931இல் பிறந்தவர். இங்கிலாந்து திருச்சபையின் வழிவந்த உகாண்டா ஆங்கிலிக்கன் திருச்சபையில் மேற்கு புகாண்டா திருமண்டலத்தின் பேராயராக 1974 முதல் 1998 வரை இருந்தார். அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள், அம்மா. தொடக்க ஆண்டுகள் சர்வாதிகாரி இடி அமீனின் ஆட்சி நடந்த காலம். 1977 பிப்ரவரியில் தலைமைப் பேராயர் ஜனானி லுவும் கொல்லப்பட்டபோது செனியோன்ஜோ அதே திருச்சபையில் பேராயராக இருந்தார். ஆகவே, அதிகாரத்தில் இருப்பவர்கள் கோபித்தால் என்ன நடக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஓய்வுபெற்றபின் தலைநகர் கம்பாலாவில் ஆலோசனைப் பணியைத் தொடங்கினார். அமெரிக்காவில் இறையியல் படித்தவர். மனித உறவுகளைப் பற்றியும் முறையாகப் பயின்றவர். குடும்பச் சண்டை, மணமுறிவு, பிள்ளைகளின் தவிப்பு என்று மனிதர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 2001ஆம் ஆண்டையொட்டி, தன்பாலீர்ப்பு உள்ள சில இளைஞர்கள் வந்தார்கள். மற்ற இடங்களில் "உங்களுக்கு நரகம்தான்" என்று கேட்டு வந்தவர்கள். செனியோன்ஜோ அவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார். கடவுள் உங்களை நேசிக்கிறார், உங்களையே நீங்கள் வெறுக்க வேண்டாம் என்று சொன்னார்.

செய்தி பரவியதும், அவர்களைக் கண்டித்து மனம்மாறச் செய்ய வேண்டும் என்று திருச்சபையிலிருந்து நெருக்கடி வந்தது. அவர் மறுத்தார். ஆராதனை நடத்தத் தடை வந்தது. 2007 ஜனவரியில், இனி அவர் பேராயர் அல்ல என்று உகாண்டா திருச்சபை அறிவித்தது. திருச்சபையோடு ஐக்கியத்தில் இல்லாத வேறொரு சபையின் பேராயர் அபிஷேகத்தில் கலந்துகொண்டார் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஒழுங்குமுறைப்படி அது குற்றம்தான். ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பலிபீடத்தின் கதவு அவருக்கு மூடப்பட்டுவிட்டது. ஓய்வூதியமும் போயிற்று. எழுபது வயதைக் கடந்த மனிதர், பிழைப்புக்கு வேறு வழி இல்லாதவர். அந்த இளைஞர்களை இனிப் பார்க்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பவுலின் பெயரில் ஒரு நல்லிணக்க, சமத்துவ மையத்தைக் கம்பாலாவில் தொடங்கி, பணியைத் தொடர்ந்தார்.

வாசகர் ஒருவர், நாகர்கோவில்: ஐயா, லேவியராகமம் 18, ரோமர் 1 ஆகியவற்றை நீங்கள் வாசித்ததே இல்லையா? வேதம் பாவம் என்பதை ஓர் ஆயர் ஆதரித்தால் சபைக்கு ஒழுங்கு ஏது? அப்படிப்பட்டவரை நீக்கியது சரிதானே?

வாசித்திருக்கிறேன், பிரசங்க பீடத்திலிருந்தே வாசித்திருக்கிறேன். உங்கள் கோபம் வேதத்தின்மீதுள்ள பக்தியிலிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. அதனால் நீங்களும் நானும் ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆவணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1998இல் உலகெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் பேராயர்கள் இங்கிலாந்தில் லாம்பெத் மாநாட்டில் கூடினார்கள். தீர்மானம் 1.10 அங்கே நிறைவேறியது. ஆதரவாக 526 வாக்குகள், எதிராக 70. தன்பாலின உறவு வேதாகமத்துக்கு இசைவானதல்ல என்று அந்தத் தீர்மானம் சொல்கிறது. உங்கள் தரப்புக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. உகாண்டா திருச்சபை இன்றுவரை பிடித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

ஆனால் அதே தீர்மானத்தில், அதே பக்கத்தில், வேறு சில வரிகளும் இருக்கின்றன. இந்த ஈர்ப்பு உள்ளவர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்போம் என்று பேராயர்கள் அங்கே உறுதி தருகிறார்கள். எந்த ஈர்ப்பு உடையவராக இருந்தாலும் எல்லாருக்கும் பரிவோடு மேய்ப்புப் பணி செய்ய வேண்டும் என்கிறார்கள். இவர்கள்மீதுள்ள காரணமற்ற அச்சத்தைக் கண்டிக்க வேண்டும் என்கிறார்கள். முதல் பாதிக்கு வாக்களித்தவர்கள் இரண்டாம் பாதிக்கும் சேர்த்தே வாக்களித்தார்கள்.

செனியோன்ஜோ செய்தது அந்த இரண்டாம் பாதி. கேட்டார், பரிவு காட்டினார், அச்சத்தைக் கண்டித்தார். தீர்மானத்தின் பாதியை நிறைவேற்றியவரைத் தண்டித்துவிட்டு, அந்தப் பாதியையே மறந்தவர்களை வேதத்தின் காவலர் என்று எப்படி அழைப்பது? அந்த ஒழுங்கைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

தன்பாலின உறவுக்காகவே கடவுள் அழித்த நகரம் என்று பலர் சொல்லும் சோதோமைப் பற்றியும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சோதோமின் அக்கிரமம் என்னவென்று எசேக்கியேல் 16:49 வெளிப்படையாகச் சொல்கிறது: கெர்வம், ஆகாரத்திரட்சி, அதோடு "சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை." இந்த வசனத்தை வைத்துச் செய்யப்பட்ட பிரசங்கத்தை நம் சபைகளில் நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். நீங்கள் கேட்டிருந்தால் எழுதுங்கள், மகிழ்ச்சியடைவேன்.

நீங்களும் நானும் ரோமர் 1ஐ வேறுவேறாகப் புரிந்துகொண்டு ஒரே திருவிருந்தில் பங்குபெறலாம். ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்துக்கு சபை ஆதரவு தரலாமா என்பது வேறு கேள்வி. அதில் எனக்குச் சமரசம் இல்லை.

சட்டக் கல்லூரி மாணவர், மதுரை: இந்தப் பழக்கமே மேற்கிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு இறக்குமதியானது என்கிறார்கள். செனியோன்ஜோவும் அந்நியப் பணத்துக்காகப் பேசியவர் என்று படித்தேன். உண்மையா?

இறக்குமதியானது சட்டம், தம்பி. நீங்கள் சட்டம் படிப்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டது. அதன் 377ஆவது பிரிவை, "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உறவு என்ற அந்தச் சொற்களை, ஆங்கிலேயர் தம் ஆட்சிப் பரப்பெங்கும் கொண்டுபோனார்கள். உகாண்டாவின் தண்டனைச் சட்டத்தில் 145ஆவது பிரிவாக அதே சொற்கள் அமர்ந்தன. தண்டனை ஆயுள் சிறை வரை. நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று வயதுவந்தவர்கள் மனமொத்து வாழ்வதை 377இன் பிடியிலிருந்து விடுவித்தது. கம்பாலாவில் அந்தச் சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அடுத்த இறக்குமதி 2009இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கம்பாலாவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஸ்காட் லைவ்லி முதலிய சுவிசேஷகர்கள் வந்து, தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் உங்கள் குடும்பங்களையும் குழந்தைகளையும் குறிவைக்கிறார்கள் என்று பேசினார்கள். சாம்பியாவைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் குருவானவர் காப்யா காவோமா அங்கே அமர்ந்து கவனித்து, அமெரிக்கச் சண்டையொன்று ஆப்பிரிக்க மண்ணுக்கு மாற்றப்படுவதைப் பின்னர் விரிவாக எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் டேவிட் பஹாட்டி என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். சில சூழல்களில் மரண தண்டனை என்றது அது.

அந்த மசோதாவில் என்னை உலுக்கிய பிரிவு வேறு. அதிகாரத்தில் இருப்பவர் எவரும், மத அதிகாரம் உடையவர் உட்பட, ஒருவரைப் பற்றித் தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 3 ஆண்டு வரை சிறை. ஓர் ஆயரிடம் ஒரு பிள்ளை அழுதுகொண்டே சொன்னதை, மறுநாள் காலைக்குள் அந்த ஆயர் போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டும். ஆயருடைய அறையை உளவு அறையாக்கும் சட்டம் இது. நான் குருப்பட்டம் பெற்ற நாளில் கொடுத்த வாக்கு எதுவும் அதற்கு இடம் தராது. இந்த ஒரு பிரிவுக்காகவாவது உகாண்டாவின் ஒவ்வொரு குருவானவரும் தெருவில் இறங்கியிருக்க வேண்டும்.

மசோதா மாறுதல்களோடு 2014 பிப்ரவரியில் சட்டமாகி, ஆகஸ்ட் 1 அன்று, நாடாளுமன்றத்தில் போதிய உறுப்பினர் இல்லாமல் நிறைவேற்றப்பட்டது என்ற காரணத்தால் அரசியல் சாசன நீதிமன்றத்தில் ரத்தானது. 2023 மே மாதத்தில் இன்னும் கடுமையாகத் திரும்பி வந்தது: தன்பாலின உறவுக்கு ஆயுள் சிறை, சில சூழல்களில் மரணம், "ஊக்குவித்தல்" என்ற குற்றத்துக்கு 20 ஆண்டு வரை சிறை. 2024 ஏப்ரல் 3 அன்று அதே நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்திவிட்டு, அறிந்ததை அரசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமையையும், வீடு வாடகைக்குக் கொடுத்தவரைத் தண்டிக்கும் பிரிவையும் நீக்கியது. அந்த அளவுக்காவது ஆயரின் அறை தப்பியது.

இனி, பழக்கமே அந்நியமானது என்ற வாதம். இதற்கு உகாண்டா திருச்சபையின் சொந்த நினைவிலேயே பதில் இருக்கிறது. 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் புகாண்டா அரசன் முவாங்கா கிறிஸ்தவப் பணியாளர்களை எரித்துக் கொன்றான். அந்த ஆண்டுகளில் இரத்தசாட்சிகளானவர்களில் 22 பேர் கத்தோலிக்கர், 23 பேர் ஆங்கிலிக்கர். அவர்களில் அரண்மனை இளைஞர் பலர். அரசன் அவர்களைத் தன் இச்சைக்கு இணங்கச் சொன்னான், அவர்கள் மறுத்தார்கள் என்று திருச்சபை மரபு சொல்கிறது. ஜூன் 3 அங்கே அரசு விடுமுறை. நமுகோங்கோவுக்கு மக்கள் நடந்தே போகிறார்கள். அந்த மரபை நம்புகிறவர்கள், இது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று அதே வாயால் எப்படிச் சொல்ல முடியும்?

இந்த நினைவுதான் உகாண்டா கிறிஸ்தவர்களுக்கு இந்த விஷயத்தை இவ்வளவு வலியுள்ளதாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தங்கள் விசுவாசத்தின் வேரே இந்த மறுப்பில் இருக்கிறது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இளைஞர்கள் எதை மறுத்தார்கள்? உயிரைப் பறிக்கும் அதிகாரம் கையில் உள்ள ஒருவன் உடலைக் கட்டாயப்படுத்திக் கேட்டதை மறுத்தார்கள். கட்டாயத்துக்கு எதிராகச் செத்தவர்கள் அவர்கள். மனமொத்து அமைதியாக வாழும் இருவரை அரசு அதிகாரம் சிறைக்கு இழுக்கும்போது, இரத்தசாட்சிகளின் பிள்ளைகள் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

பணம் பற்றி: வெளிநாட்டு நண்பர்கள் அவருக்கு உதவியது உண்மை. சொந்தச் சபை ஓய்வூதியத்தை நிறுத்திய பிறகு வந்த உதவி அது. அமெரிக்காவிலிருந்து வந்த பிரசங்கிகளைக் கைதட்டி வரவேற்றவர்கள் இதை மட்டும் அந்நியம் என்பது நியாயமாகப் படவில்லை.

வாசகி, தூத்துக்குடி: அவரைப் பற்றித் தேடியபோது ஓர் அடக்க ஆராதனை பற்றி ஒரு வரி கண்ணில் பட்டது. அதை விளக்குவீர்களா?

விளக்குகிறேன். இந்தப் பதிலை எழுதவே இந்த மாதம் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

டேவிட் கேட்டோ பள்ளி ஆசிரியராக இருந்தவர். தன்பாலீர்ப்பு உடையவர் என்பதை ஒளிக்காமல், தம்மைப் போன்றவர்களுக்காக வாதாடியவர். 2010 அக்டோபரில் கம்பாலாவின் ஒரு வாரப் பத்திரிகை, இப்படிப்பட்டவர்கள் என்று சிலரின் பெயர்களையும் படங்களையும் போட்டு, "தூக்கிலிடுங்கள்" என்று முதல் பக்கத்தில் அச்சிட்டது. கேட்டோவின் முகமும் அதில் இருந்தது. அவரும் இன்னும் இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரி 3 அன்று உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜனவரி 26 அன்று முக்கோனோவில் அவர் வீட்டிலேயே சுத்தியலால் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய போராட்டத்துக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்றது போலீஸ். ஒருவருக்கு 30 ஆண்டு சிறை கிடைத்தது.

சொந்த கிராமத்தில் அடக்கம். உள்ளூர் ஆங்கிலிக்கன் குரு ஒலிபெருக்கியைப் பிடித்து, பெட்டியின் முன்னாலேயே, தாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சோதோம் கொமோராவைப் பற்றிப் பேசத் தொடங்கினார், மனந்திரும்புங்கள் என்றார். நண்பர்கள் கொதித்தெழுந்து ஒலிபெருக்கியைப் பறித்தார்கள். கைகலப்பானது. ஊரார் பெட்டியைத் தொட மறுத்தார்கள். நண்பர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். குழியருகே நின்று ஜெபம் செய்து அவரை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தவர், அடக்கம் நடத்தும் உரிமையே பறிக்கப்பட்டிருந்த செனியோன்ஜோ. வயது அப்போது 79.

எங்கள் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் எடை தெரியும். ஒருவரை உயிரோடு இருக்கும்போது திட்டலாம், விலக்கலாம், சங்கக் கணக்கிலிருந்து பெயரை அடிக்கலாம். செத்தபிறகு மணி அடிக்க மாட்டோம், கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பதுதான் ஊர் தரும் கடைசித் தண்டனை. நான் பணியாற்றிய ஒரு சேகரத்தில், தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு மணி அடிக்கக் கூடாது என்று கமிட்டியார் வாசலில் நின்றார்கள். அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று நான் அங்கியை அணிந்துகொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தேன், மணியும் அடித்தது. அந்தக் குடும்பம் சபையில் இன்றும் இருக்கிறது.

அடக்க ஆராதனையில் ஆயருக்கு ஒரே வேலைதான். இறந்தவரைக் கடவுளின் கையில் ஒப்படைப்பது. தீர்ப்பு எழுதுவது அந்த ஒழுங்குமுறையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. உகாண்டாவின் அந்தக் கிராமத்தில் உரிமம் உள்ள குரு அந்த வேலையைச் செய்யவில்லை. உரிமம் பறிக்கப்பட்டவர் செய்தார். சென்ற மாதம் நான் எழுதிய பெயருக்குக் காரணம் இதுதான்.

கத்தோலிக்க வாசகர், திருச்சி: போப் பிரான்சிஸ் இதைப் பற்றி உண்மையில் என்ன சொன்னார்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

2023 ஜனவரியில் ஒரு செய்தி நிறுவனப் பேட்டியில், தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்றார். பாவம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு என்று பிரித்தார். இத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்களுக்கு மனமாற்றம் தேவை என்றும் சொன்னார். அடுத்த மாதம் தென் சூடானிலிருந்து திரும்பும் விமானத்தில், உடன் இருந்த கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியும் ஸ்காட்லாந்து திருச்சபைத் தலைவரும் அவரை ஆமோதித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இத்தகைய இணையருக்கு வழிபாட்டுச் சடங்காக அல்லாமல் எளிய ஆசி வழங்கலாம் என வத்திக்கான் அனுமதித்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. நம் நாட்டில், 2013 டிசம்பரில் 377ஐ உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியபோது, இவர்களைத் திருச்சபை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று மும்பை கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் வெளிப்படையாகச் சொன்னார். அது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாசகர், காயல்பட்டினம்: கிறிஸ்தவர்களில் மட்டும்தான் இப்படிப் பேசும் மதகுருமார் இருக்கிறார்களா?

இல்லை. தென்னாப்பிரிக்காவில் இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, கேப் டவுனில் விலக்கப்பட்டவர்களுக்காக ஒரு பள்ளிவாசலை நடத்தினார். 2025 பிப்ரவரி 15 அன்று கெபெர்கா நகரத்தின் அருகே காரில் இருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். தன்பாலினத் திருமணத்தைச் சட்டமே ஏற்கும் நாட்டில் இது நடந்தது. இஸ்லாமிய நூல்களை விளக்கும் தகுதி எனக்கு இல்லை. அவருக்காகத் துக்கப்படும் உரிமை இருக்கிறது.

ஒரு தாய் (ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்): வெளியூரில் வேலை செய்யும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது, தனக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை என்று என்னிடம் சொன்னான். ஒரு சபை ஊழியரிடம் கேட்டேன். பிசாசின் கட்டு, நாற்பது நாள் உபவாசம் இருந்து விடுதலை ஜெபம் செய்ய வேண்டும், உடனே கல்யாணமும் முடித்துவிடு என்கிறார். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஐயா, நான் என்ன செய்ய?

அம்மா, உங்கள் மகன் உங்களைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறான். அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று நம்பியிருக்கிறான்.

கல்யாணம் வேண்டாம். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்தக் கல்யாணம் உங்கள் மகனை மட்டும் அல்ல, எங்கோ கனவோடு காத்திருக்கும் இன்னொரு வீட்டுப் பெண்ணையும் சேர்த்து அழிக்கும். அப்படி முடிந்த திருமணங்களின் கண்ணீரோடு என் முன்னால் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பெண்கள்தான்.

விடுதலை ஜெபம் பற்றி. ஜெபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்; அது என் வாழ்க்கை. ஆனால் ஜெபத்தால் இந்த ஈர்ப்பை மாற்றுவோம் என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஊழியம் செய்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2013 ஜூனில் மூடப்பட்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாங்கள் காயப்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். விசுவாசமில்லாதவர்கள் சொன்னதல்ல இது. அதே வேலையை முழு மனத்தோடு செய்தவர்கள் சொன்னது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில், மருத்துவத்தின் பெயரால் இப்படி மாற்ற முயல்வதற்குத் தடை விதிக்க உத்தரவிட்டார். தீர்ப்பு எழுதுமுன், இதைப் புரிந்துகொள்ளத் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டார் அந்த நீதியரசர். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. டாக்டருக்கே அனுமதி இல்லாததை ஓர் ஊழியர் உங்கள் பிள்ளைமேல் செய்ய விடாதீர்கள்.

உபவாசம் இருக்க உங்கள் மனம் விரும்பினால் உங்களுக்காக இருங்கள், தைரியத்துக்காக. மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று எப்போதும்போல் கேளுங்கள். அவனுடைய அப்பாவிடம் சொல்லும் நாளை அவனே முடிவு செய்யட்டும். அவன் கொடுத்த இரகசியம் உங்களுடையது அல்ல. அந்த ஊழியரிடம் இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம். உங்களுக்குப் பேச ஒருவர் வேண்டுமென்றால் இந்த இதழின் முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். கடிதத்தை நான் மட்டுமே பிரிப்பேன்.

இளம் உதவி ஆயர், தென் மாவட்டம் ஒன்றிலிருந்து: உங்கள் கருத்தே எனக்கும். ஆனால் வெளியே சொன்னால் குருப்பட்டமே நிற்காது. திருமணமாகி ஓராண்டு, கைக்குழந்தை இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்?

விலை இருக்கிறது, தம்பி. இல்லை என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு, இவர்களை வெறுக்கும் கடவுளை வணங்க மாட்டேன் என்று 2013இல் கேப் டவுனில் சொன்னபோது, அவரைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. நோபல் பரிசு பெற்றவர், ஓய்வுபெற்றவர். அவருடைய மகள் ம்போ டுட்டு குருவானவர். ஒரு பெண்ணை மணந்ததால் 2016இல் அதே தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையில் பணி உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. தந்தையின் புகழ் மகளைக் காப்பாற்றவில்லை. உகாண்டாவில் 2023 சட்டம் வந்தபோது தலைமைப் பேராயர் ஸ்டீபன் கசிம்பா அதை வரவேற்றார். மரண தண்டனைக்கு மட்டும் உடன்படாமல், அதற்குப் பதில் ஆயுள் சிறை போதும் என்றார். அந்த நாட்டில் பத்துப் பேரில் எட்டுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். அங்கே ஒரு சேகரத்து ஆயர் வாய் திறப்பது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

நாளைக்கே பிரசங்க பீடத்தில் ஏறி அறிக்கை வாசியுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. செனியோன்ஜோவும் அப்படித் தொடங்கவில்லை. அவர் ஓர் அறையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கேட்டார். அந்த வேலைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். உங்கள் சேகரத்திலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறு பாடகர் குழுவில் இருக்கிறார்கள், வாலிபர் கூடுகையில் நாற்காலி அடுக்குகிறார்கள். அவர்கள் உங்களைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் எதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள், எதைக் கேட்டு முகம் சுளிக்கிறீர்கள் என்பதை வைத்தே உங்களிடம் வரலாமா என்று முடிவு செய்வார்கள்.

வருபவர் சொன்னதை உங்கள் மனைவியிடமும் சொல்லாதீர்கள். பெற்றோரிடம் சொல்லும்படி அவசரப்படுத்தாதீர்கள். திருமணத்துக்கு முந்தின ஆலோசனையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே அழைத்து, இந்தக் கல்யாணத்தில் உங்களுக்கு முழுச் சம்மதமா என்று கேளுங்கள். இல்லை என்று சொல்ல இடம் கொடுங்கள். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அண்ணகன், அதாவது ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை அதிகாரி, பிலிப்புவிடம் கேட்ட கேள்வியை வைத்து ஒரு பிரசங்கம் செய்யுங்கள்: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை என்று சொல்லி, பிலிப்பு அவனோடு தண்ணீரில் இறங்கினான். விளக்கம் அதிகம் வேண்டாம். கேட்க வேண்டிய பிள்ளைக்குக் கேட்கும்.

வாலிபர் கூடுகையில் யாராவது ஒருவனுடைய நடையைக் கேலி செய்தால், அங்கேயே நிறுத்துங்கள். கமிட்டியில் இருந்து ஏன் என்று கேட்டால், லாம்பெத் 1998, தீர்மானம் 1.10 என்று சொல்லுங்கள். தென்னிந்தியத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் அங்கம்தானே. அந்தத் தீர்மானம் முழுவதையும் தமிழில் எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன். இரண்டு பாதிகளையும் சேர்த்து அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.